ஃபைன் ஆயிரம்தானேன்னு நினைக்கிறீங்களா? பைக்கில் போன் பேசினால் உண்மையில் போவது எது?

ஆரம்பாக்கத்தில் உங்கள் வீடு. ஸ்ரீசிட்டியில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்கு பைக்கை எடுக்கிறீர்கள். கொஞ்ச தூரம்தான், தமிழ்நாடு முடிந்து தடா வந்துவிடும். வழியில் போன் அடிக்கிறது. ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் போன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் போலீஸ் பிடித்தால் 1,000 ரூபாய். அந்தப் பக்கம் பிடித்தால் 1,500 ரூபாய்.

அதே கை, அதே போன், அதே சூப்பர்வைசர் கால். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் 500 ரூபாய் எப்படிக் கூடுது? மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுக்க ஒண்ணுதானே? அப்படியென்றால் இந்த ரேட்டை யார் போடுகிறார்கள்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பாதிப் பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். 'எங்க ஊர் ரோட்டுல யாரும் போன் பேசக் கூடாது' என்று உள்ளூரிலேயே ஒரு விதி போட்டுவிட முடியாதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால், கடைசியில் வந்து நிற்கிற இடம் உங்கள் பர்ஸில் இருக்கும் அந்த சின்ன கார்டு. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, தேர்வாய் கண்டிகை, காக்களூர் பக்கமெல்லாம் டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல் வேலைக்குப் போவது லேசான காரியம் இல்லை. பஸ் இருக்கும் நேரமும் ஷிஃப்ட் முடியும் நேரமும் ஒத்துப்போவதே கிடையாது. டிரைவர் வேலையில் இருப்பவர்களுக்கோ அந்த கார்டுதான் சம்பளம். ஆயிரம் ரூபாய் ஃபைன் எல்லோருக்கும் தெரிகிறது. லைசென்ஸ் பற்றிய சங்கதி பலருக்குத் தெரிவதில்லை.

சட்டம் டெல்லி, ரேட் சென்னை

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எந்த அதிகாரம் யாருக்கு என்று மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. மோட்டார் வாகனங்கள் பொதுப்பட்டியலில் வருகின்றன. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் மோதினால் பொதுவாக மத்திய சட்டமே நிற்கும். போலீஸ் மாநிலப் பட்டியல். தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியல். கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் சென்னை - கொல்கத்தா ஹைவேயில் நின்று யோசித்துப் பாருங்கள். ரோடு மத்திய அரசுடையது. உங்களை நிறுத்தும் போலீஸ் மாநில அரசுடையவர். அவர் சொல்லும் பிரிவு மத்திய சட்டத்தில் இருக்கிறது. சலானில் இருக்கும் தொகை மாநில அரசு நிர்ணயித்தது.

அந்த மத்திய சட்டம், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலை 31-ல்தான் நடந்தது. ஆக, சட்டம் எழுதியவர்கள் போனைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பே இல்லை. பல வருஷம் இந்தச் சட்டத்தின் 184-வது பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டுவதற்கான பிரிவில், போன் என்ற பேச்சே கிடையாது. 'ஆபத்தாக ஓட்டினாய்' என்ற பொது வார்த்தைக்குள் போனையும் சேர்த்துத்தான் வழக்கு போட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைக் கேரளா காட்டியது. அங்கே போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் மீது மாநிலத்தின் சொந்தச் சட்டமான 2011-ம் ஆண்டு கேரள போலீஸ் சட்டத்தில், 118(இ) என்ற பிரிவில் வழக்கு பதிந்தார்கள். தெரிந்தே பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்குவதற்கான பிரிவு அது. 2018 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு என்ன சொன்னது தெரியுமா? வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று இந்த போலீஸ் சட்டத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்படாத வரை, போன் பேசினார் என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவில் வழக்கு போட முடியாது. 'வண்டியில் போன் பேசலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு' என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியது இந்தத் தீர்ப்பின் அரைகுறை வடிவம்தான். மாநிலச் சட்டத்தின் அந்தப் பிரிவு பொருந்தாது என்று கோர்ட் சொன்னதை, போன் பேசுவதற்கே அனுமதி என்று மாற்றிவிட்டார்கள்.

அந்த ஓட்டை 2019-ல் அடைபட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 184-வது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தது. சிக்னலை மதிக்காமல் போவது, ராங் சைடில் வருவது போன்றவற்றோடு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் ஆபத்தாக ஓட்டுவதே என்று பச்சையாக எழுதிவிட்டார்கள். தண்டனையும் ஏறியது. முதல் தடவை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

'சிறையா? நான் ஆயிரம் கட்டிட்டு வந்துட்டேனே!' என்பீர்கள். அங்கேதான் மாநிலம் உள்ளே வருகிறது.

அதே சட்டத்தின் 200-வது பிரிவு, சில குற்றங்களை கோர்ட்டுக்குப் போகாமலே பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி விடுகிறது. நாம் ஸ்பாட் ஃபைன் என்று சொல்வது அதைத்தான். சட்டத்தின் கண்ணில் அது தண்டனைகூட இல்லை, ஒரு இணக்கக் கட்டணம். அந்தக் கட்டணம் எவ்வளவு என்று அரசிதழில் அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. 2019-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியதும் எல்லா மாநிலங்களும் உடனே ரேட்டை ஏற்றவில்லை. குஜராத் அதே செப்டம்பரில் பல தொகைகளைக் குறைத்தே அறிவித்தது. ஹெல்மெட் இல்லாததற்கு 1,000-க்குப் பதில் 500. சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மாநிலங்கள் போக முடியாது என்று அட்டர்னி ஜெனரலின் கருத்தைக் காட்டி மத்திய அரசு 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆந்திரா 2020 அக்டோபரில் தன் பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாடு நிதானமாக, 2022 அக்டோபரில்தான் புதிய கட்டணங்களைக் கொண்டுவந்தது. போன் பேசியபடி ஓட்டினால் முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000. ஆந்திராவில் முதல் முறை 1,500, அடுத்த முறை அங்கேயும் 10,000.

ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் 500 ரூபாய் கூடுவதன் கதை இவ்வளவுதான். குற்றம் ஒன்று, கடை இரண்டு, விலை வேற.

ரசீதில் எழுதாத விஷயம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆயிரம் கட்டிவிட்டால் கதை முடிந்ததா? முடியவில்லை. மூன்று விஷயங்கள் இருக்கின்றன, மூன்றும் மத்திய சட்டத்திலேயே இருப்பவை. எந்த மாநிலத்தில் பிடிபட்டாலும் மாறாது.

பணம் கட்டி முடித்துக்கொண்ட குற்றமும் 'முதல் குற்றம்' என்றே கணக்கில் ஏறும். 2019 திருத்தம் இதை 200-வது பிரிவிலேயே தெளிவாக எழுதிவிட்டது. இன்றைக்கு ஆயிரம் கட்டும்போது, அடுத்த மூன்று வருடத்துக்குள் மாட்டினால் பத்தாயிரம் என்பதற்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். கான்ட்ராக்ட்டில் வேலை செய்யும் ஒருவருக்குப் பத்தாயிரம் என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது 206(4). 184-வது பிரிவில் குற்றம் செய்ததாக நம்பக் காரணம் இருந்தால், போலீஸ் அதிகாரி உங்கள் லைசென்ஸைக் கைப்பற்றி, அதைக் கொடுத்த ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது இது. பதிலுக்கு ஒரு தற்காலிக ரசீது தருவார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா? 'ஓட்டலாம்'னுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை அந்த ரசீது ஓட்டும் உரிமையைத் தராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஃபைன் கட்டி முடித்துக்கொண்டாலும் இந்த நடவடிக்கையிலிருந்து தப்பிக்க முடியாது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் பல நேரம் போலீஸ்காரர்கள் ஃபைனோடு விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அது அவர்களுடைய அன்றைய வேலைப் பளுவைப் பொறுத்தது; உங்களுக்கு இருக்கும் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது ஆர்.டி.ஓ மேஜை. போலீஸ் லைசென்ஸை வாங்கி அனுப்பலாமே தவிர, ரத்து செய்ய முடியாது. அந்த முடிவை எடுப்பது லைசென்ஸ் வழங்கும் அதிகாரி. திருவள்ளூர் என்றால் டி.என் 20, செங்குன்றம் என்றால் டி.என் 18. அவரும் உங்களைக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நேரில் போங்கள். விளக்கம் சரியாக இருந்தால் அவர் விட்டுவிடலாம். இல்லையென்றால் காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்யலாம். அடுத்த குற்றத்துக்கு லைசென்ஸே ரத்து. இதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுதிநீக்கம் ஆனவர் ரெஃப்ரெஷர் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

மூன்று மாதம்னா சும்மா வீட்டில் இருந்தால் போச்சு என்று நினைக்கலாம். வேலை விடுமா? அந்த மூன்று மாதத்தில் 'பக்கத்துலதானே' என்று பைக்கை எடுத்தால், தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டிய குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாயோ இரண்டுமோ. அந்தச் சமயம் பார்த்து ஒரு விபத்து நடந்தால், ஓட்டியவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் என்ற காரணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் எடுத்து வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இழப்பீடு லட்சக்கணக்கில் போகும் வழக்குகளில் அது யார் தலையில் வந்து விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எல்லைக்கோடு உதவாது. தமிழ்நாட்டில் கொடுத்த லைசென்ஸ் இந்தியா முழுக்க செல்லும். அது தகுதிநீக்கம் ஆனால் அதுவும் இந்தியா முழுக்கத்தான். லைசென்ஸ் விவரங்கள் 'சாரதி' என்ற தேசியத் தரவுதளத்தில் இருக்கின்றன. தடாவில் ஆந்திரா போலீஸ் பிடித்தால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும் என்பதெல்லாம் பழைய காலத்துக் கணக்கு.

லைசென்ஸில் கை வைக்கும் இந்த யோசனை இவ்வளவு வலுப்பெற்றதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளில் இத்தனை பேர் சாவதைத் தடுக்கச் சொல்லி 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், லாரியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, போன் பேசியபடி ஓட்டுவது, இவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்குங்கள் என்று 2015 ஆகஸ்ட்டில் அந்தக் குழு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. போன் பேசியபடி ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-வது விதியில், லைசென்ஸைப் பறிக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக ஏற்கெனவே இருந்தது. யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன ஆறுதல்: பிடிக்க வேண்டியவரே இந்தக் குற்றத்தைச் செய்தால் தண்டனை இரட்டிப்பு. 210பி என்ற பிரிவு இருக்கிறது.

நம்ம ஊருக்குன்னு தனி விதி போட முடியுமா?

அமெரிக்காவில் இது கீழிருந்து மேலே போனது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் புரூக்லின் என்ற சின்ன ஊர், 1999-லேயே கையில் போன் வைத்து ஓட்டத் தடை போட்டது. அந்த நாட்டிலேயே முதல் ஊர் அதுதான். அந்த ஊரைச் சுற்றியிருக்கும் ஒஹையோ மாநிலம் முழுவதற்கும் கையில் போன் பிடிக்கத் தடை வந்தது 2023-ல். இருபத்து நாலு வருடம் கழித்து! பென்சில்வேனியாவில் உல்டா. பிலடெல்பியா நகரம் 2009-ல் தானாகவே தடை போட்டது. 2011-ல் மாநிலம் ஓட்டும்போது மெசேஜ் டைப் செய்வதைத் தடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்திலேயே 'இனி உள்ளூர் விதிகள் செல்லாது' என்றும் எழுதிவிட்டது. மெசேஜை மட்டும் தடுக்கும் மாநிலச் சட்டம் வந்து, பேசுவதையும் தடுத்த ஊர் விதியைத் தூக்கிப்போட்டது. கையில் போன் பிடிப்பதற்கான தடை அந்த மாநிலத்துக்கு வர 2025 ஜூன் ஆகிவிட்டது.

நம் சட்டத்தில் ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. திருவள்ளூர் நகராட்சியோ, கும்மிடிப்பூண்டி உள்ளாட்சி மன்றமோ கூடித் தீர்மானம் போட்டு, 'பஜாரில் போன் பேசி ஓட்டினால் 2,000' என்று அறிவிக்க முடியாது. கலெக்டராலும் முடியாது. அதற்காக உள்ளூருக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு குறிப்பிட்ட ரோட்டில் கனரக வாகனங்கள் எந்த நேரம் போகலாம், எந்த நேரம் போகக் கூடாது என்று 115-வது பிரிவில் தடை விதிக்கலாம். 112-வது பிரிவில் வேக வரம்பு வைக்கலாம். இவை மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ செய்யக்கூடியவை. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாநில அரசு அமைக்கலாம் என்பதும் 215-வது பிரிவில் இருக்கிறது. சிப்காட் வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லாரியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மனு கொடுக்க விரும்பினால், அந்தக் குழுதான் சரியான கதவு.

சட்டம் ஒன்றே என்றாலும் பிடிப்பது உள்ளூர் விவகாரம். திருவள்ளூர் மாவட்டம் ஒரே போலீஸின் கையில் இல்லை. 2022 ஜனவரியில் ஆவடி போலீஸ் கமிஷனரேட் வந்த பிறகு சோழவரம், மீஞ்சூர் எல்லாம் அதன் கீழ் போயின. கும்மிடிப்பூண்டி பக்கம் மாவட்ட எஸ்.பி-யின் கீழ். அதைத் தாண்டினால் ஆந்திரா போலீஸ். செங்குன்றத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவர் ஒரே பயணத்தில் மூன்று போலீஸ் எல்லையைக் கடக்கிறார். எந்த இடத்தில் எவ்வளவு கெடுபிடி என்பது நாளுக்கு நாள் மாறும். 'அந்தப் பாலத்துக்கிட்ட நிப்பாங்க, அது வரைக்கும் பேசலாம்' என்ற ஊர் ஞானம் பிறப்பது இதிலிருந்துதான். கேமரா வந்தால் அந்த ஞானமும் பயன்படாது. 2021 ஆகஸ்ட்டில் வந்த மத்திய விதிப்படி, கேமராவில் பதிவாகும் குற்றங்களின் பட்டியலில் போனும் உண்டு. 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

உண்மையான உள்ளூர் சட்டம் எது என்று என்னைக் கேட்டால், கம்பெனி கேட் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் பொதுமக்களுக்குப் போகும் உரிமை உள்ள இடங்களுக்கானது. கேட்டுக்கு உள்ளே, பொதுமக்கள் நுழைய முடியாத ஆலை வளாகத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் போன் பேசினால் தடுப்பது ஆலையின் சொந்த விதிகள்தான். அதில் பல கம்பெனிகள் ரொம்பக் கறார். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு ரிங் கிடையாது.

அதனுடைய பின்விளைவு கேட்டுக்கு வெளியே தெரிகிறது. ஷிஃப்ட் முடிந்து போனைக் கையில் வாங்கினால் பதினாலு மிஸ்டு கால். அம்மா, லோன் கம்பெனி, ரூம்மேட், நாளைக்கு ஓ.டி வர முடியுமா என்று கேட்கும் கான்ட்ராக்டர். எட்டு மணி நேரம் அடக்கி வைத்த பேச்சு முழுக்க, கேட்டிலிருந்து ரூமுக்குப் போகும் அந்த இருபது நிமிஷத்தில், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு நடக்கிறது. உள்ளே பாதுகாப்புக்கு விருது வாங்கும் கம்பெனிகள் கேட்டுக்கு வெளியே நூறு மீட்டரைப் பற்றி யோசிக்காமல் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அதிலும், பைக்கில் போய்க்கொண்டிருப்பார் என்று தெரிந்தே கூப்பிடுவது பல நேரம் அதே கம்பெனியின் ஆள்தான்.

'ஆனா இது போன் பேசுறது இல்லையே...'

ஹோல்டரில் போனை மாட்டி மேப் பார்ப்பது? பார்க்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் மத்திய விதி அதை அனுமதிக்கிறது, ஆனால் வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத மாதிரி. டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுபவர்கள் கவனிக்க: ஓட்டிக்கொண்டே ஆர்டரை 'அக்செப்ட்' செய்வது வழி பார்ப்பதில் சேராது. பதினைந்து நொடிக்குள் பட்டனை அமுக்கு என்று ஆப் விரட்டினாலும் சலான் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

ஹெல்மெட்டில் செருகிக்கொண்டு பேசுவது? 'கையில பிடிக்கலையே சார்' என்று வாதாடலாம். கையில் பிடிக்கும் கருவி என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, வாதம் சுவாரசியமானதே. ஆனால் அதே 184-வது பிரிவின் விளக்கத்தில் கடைசியாக இன்னொரு வரியும் உண்டு. கவனமான, திறமையான ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட மிகவும் கீழான எந்த விதத்தில் ஓட்டினாலும் ஆபத்தாக ஓட்டுவதே என்பது அந்த வரி. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஹைவேயில் போவது அந்த வரிக்குள் வராது என்று ஆர்.டி.ஓ-வை நம்ப வைக்க முடியுமா?

ப்ளூடூத் சங்கதி வேறு. சட்டத்தின் வார்த்தைக்கு அது வெளியே நிற்கலாம். மூளைக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. ஹேண்ட்ஸ் ஃப்ரீயாகப் பேசுவது கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன் பயன்படுத்தும் ஓட்டுநருக்கு விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்பதும் அவர்கள் கணக்கு. சிக்னலில் நிற்கும்போது எடுத்துப் பார்க்கலாமா என்றால், அதற்கு விதிவிலக்கு என்று எங்கேயும் எழுதவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறது. 'யாரு கூப்பிடுறா'ன்னு ஐந்து நொடி திரையைப் பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஹைவே ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் டிரெய்லர் லாரிகளை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, போன் காரணமாக நாடு முழுக்க 7,558 விபத்துகள், 3,395 பேர் மரணம். அந்த வருடம் சாலையில் இறந்த 1,68,491 பேரில் இது இரண்டு சதவிகிதம்தான். அதே வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இரண்டு சதவிகிதம் என்பதைக் குறைவு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். விபத்துக்குப் பிறகு ரோட்டில் சிதறிக் கிடக்கும் போனைப் பார்த்து, அந்த நொடியில் அது யார் கையில் இருந்தது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதுவது லேசு இல்லை. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதுவது சுலபம்.

நிறுத்தினால் என்ன செய்வது?

சலானை வாங்கிப் படியுங்கள். எந்தப் பிரிவு என்று பாருங்கள். 184 என்று இருந்தால் மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். குற்றமே செய்யவில்லை என்றால் கட்ட மறுத்து கோர்ட்டுக்குப் போகும் உரிமை இருக்கிறது; ஆனால் அங்கே பேச்சு 1,000 ரூபாயில் நிற்காது, சட்டத்தில் உள்ள முழுத் தண்டனையும் மேஜைக்கு வரும். லைசென்ஸை வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். பரிவாஹன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, நிலுவையில் சலான் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். 'உங்களுக்கு சலான் வந்துள்ளது' என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள், அது பேங்க் கணக்கைச் சுரண்டும் வேலை.

மிஸ்டு கால்களுக்கான பதிலை கேட்டுக்கு உள்ளே, பார்க்கிங்கிலேயே பேசி முடித்துவிடலாம். பத்து நிமிஷம் ஆகும். வண்டியை எடுத்த பிறகு வருவதற்கு போனிலேயே வழி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் டிரைவிங் மோடு உண்டு. வண்டி ஓட ஆரம்பித்ததும் ரிங்கை அடக்கிவிடும். ஐபோனில் 'டிரைவிங் ஃபோகஸ்' போட்டால், மெசேஜ் அனுப்புகிறவர்களுக்குத் தானாகவே ஒரு பதில் போகும். யாருக்குப் போகணும், என்ன போகணும் என்பதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 'பைக்ல இருக்கேன், ரூமுக்குப் போய் கூப்பிடுறேன்' என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். அந்த லிஸ்ட்டில் சூப்பர்வைசர் நம்பரையும் மறக்காமல் சேருங்கள்.